உப்புக்காற்றும் பழைய இரும்பும்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முதலாவது பழைய வாகனமாக எதை வாங்குவது?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வசிக்கும் ஒருவர், கையில் ஓரளவு பணமும் வளவில் ஒரு கொட்டில் போடும் இடமும் இருக்க, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றையோ அதைவிட அரிதான வேறொரு வாகனத்தையோ வாங்கிப் பேண விரும்பினால், எதை முதலில் வாங்குவது என்ற கேள்விக்குக் கொழும்பிலிருந்து கிடைக்கும் விடை பெரும்பாலும் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் என்றோ மொறிஸ் மைனர் கார் என்றோதான் இருக்கும். அந்த விடை கொழும்புக்குச் சரியாக இருக்கலாம். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேட அங்குள்ளவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். பிரித்தானிய வண்டிகளையே தொழிலாகக் கொண்ட கைகளும் அங்கே உண்டு. நம் பக்கத்தில் இருப்பவை வேறு: கடலும் வாவியும் சேர்ந்து தரும் உப்புக்காற்று, ஜப்பானிய மோட்டார் சைக்கிளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டும் கராஜ்காரர்கள், உழவு இயந்திரத்தோடு வளர்ந்த மெக்கானிக்குகள், எதையும் கடைந்து தரக்கூடிய லேத் பட்டறைகள். வண்டியின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வதை விட, இந்த நான்கையும் வைத்துத் தெரிவு செய்வதே நம்மவருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டதாயினும், வரிச்சுமையையும் வாகனத்தின் வயது பற்றிய கட்டுப்பாடுகளையும் தாண்டி அரை நூற்றாண்டுப் பழைய வண்டியொன்றை இறக்குவது சாதாரணச் சேகரிப்பாளருக்கு இயலாத காரியம். ஆகவே ஏற்கெனவே நாட்டுக்குள் பதிவுபெற்று ஓடிய வண்டிகளுக்குள்ளேதான் தெரிவு. அவற்றுள்ளும் இப்பகுதியில் உண்மையாகவே கைக்கெட்டக்கூடியவை என்று ஐந்து வகையைச் சொல்லலாம்: பி.எஸ்.ஏ. போன்ற பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள், ஹொண்டாவின் சிறிய வண்டிகள், இத்தாலிய வழி வந்த ஸ்கூட்டர்கள், மொறிஸ் மைனர், லாண்ட் றோவர் போன்ற நான்கு சில்லு வாகனங்கள், பெரும்பாலோர் சேகரிப்புப் பொருளாகவே எண்ணாத பழைய உழவு இயந்திரங்கள்.

வண்டியைப் பற்றிப் பேசுமுன் அது நிற்கப்போகும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே தெற்கு நோக்கி நீளும் ஒடுங்கிய மணற்பட்டி. கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ வீட்டின் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உவர்நீரும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அலை உடையும்போது காற்றிலேறும் உப்புத்துகள் இரும்பின் மீது படிந்தபின் சும்மா கிடப்பதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம் கரையோர இரவுகளில் அந்த அளவு தாண்டப்படுவது வழமை. எனவே ஒரு சொட்டு மழையும் படாமல் கொட்டிலுக்குள் நிற்கும் வண்டிகூட இரவுதோறும் மெல்லிய உப்புநீர்ப் படலத்தைப் போர்த்துக்கொள்கிறது. இதற்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையோடு வரும் மாரிமழை. வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலை, வவுணதீவு முதலான படுவான்கரை ஊர்களில் உப்பு குறைவு, வெள்ளப் பயம் அதிகம். அம்பாறை நகரத்தை அண்டிய உள்நிலத்தில் இரும்பு இவ்விரண்டிலும் பார்க்க நீண்டநாள் வாழும். ஒரே வண்டிக்கு இந்த மூன்று இடங்களில் மூன்று வகையான ஆயுள் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்து பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ் என்ற நிறுவனத்தைக் குறிக்கும். 1861இல் துப்பாக்கி செய்யவென்று தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1910இலிருந்து மோட்டார் சைக்கிளையும் செய்தது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் அடையாளமாக நிலைத்தன. சேகரிப்பாளர் தேடுவது பெரும்பாலும் அதன் இரு வண்டிகளை. ஒன்று எம்.20. 1937இல் வந்த, 496 சீ.சீ. கொள்ளளவுள்ள, பக்க வால்வு வகை ஒற்றைச் சிலிண்டர் வண்டி அது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்காக ஏறத்தாழ 126,000 வண்டிகள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் பட்டாளத்து உபரியாக அவை பல நாடுகளில் பொதுமக்களின் கைக்கு வந்தன. எஞ்சின் இலக்கத்தின் முன்னால் டபிள்யூ.எம்.20 என்று அடித்திருந்தால் அது போர்க்காலத்துப் பட்டாள வண்டி. வேகம் கிடையாது; ஆனால் மணல் வீதியில் மெதுவாக இழுத்துச் செல்வதற்கு இதைப்போன்ற எஞ்சின் அரிது. அமுக்க விகிதம் ஏறத்தாழ ஐந்துதான் என்பதால் இன்றைய ஒக்டேன் 92 பெற்றோல் இதற்குத் தாராளம்.

மற்றையது பண்டம் (Bantam). இதன் பிறப்பே ஒரு சுவையான கதை. போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாகப் பெறப்பட்ட டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 என்ற வண்டியின் வரைபடங்களை வைத்துப் பி.எஸ்.ஏ. 1948இல் 123 சீ.சீ. இரண்டு வீச்சு வண்டியொன்றைச் செய்தது. அதே ஜெர்மானிய வண்டியைப் பார்த்து அமெரிக்காவில் ஹாலி டேவிட்சனும், சோவியத் நாட்டில் மொஸ்கோ ஆலையும், ஜப்பானில் யமஹாவும் தத்தம் வண்டிகளைச் செய்தன; யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான வை.ஏ.1 இந்த வழியில் வந்ததுதான். ஆகவே பிரித்தானியப் பெருமையாகக் கொண்டாடப்படும் பண்டமும், அந்தத் தொழிலை வீழ்த்திய ஜப்பானிய வண்டிகளுள் ஒன்றும் ஒரே தாய்வழிப் பிள்ளைகள். பண்டம் 148, 173 சீ.சீ. என வளர்ந்து 1971 வரை ஓடியது.

இவ்விரண்டையும் நம் கரையில் வைத்துப் பேணுவதில் உள்ள சிக்கல்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினுக்குத் தனியான எண்ணெய்த் தொட்டி இல்லை. பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அதன் கிராங்கையும் பெயாரிங்கையும் நனைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை இது போதும். சேகரிப்பாளரின் வண்டியோ மாதக்கணக்கில் நிற்பது. பெற்றோல் ஆவியாகிப் போனபின் எஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே கரையோர ஈரம் நுழைந்து, வெளியே மினுங்கிக்கொண்டு நிற்கும் பண்டத்தின் உள்ளே மெயின் பெயாரிங்கைத் தின்றுவிடும். அதோடு கிராங்கின் இருபுறத்து எண்ணெய்ச் சீல்கள் காய்ந்து வெடித்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பண்டம் வாங்குபவர் பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறையேனும் கிக்கரை மிதித்துச் சுற்றிவிடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளாவிட்டால் வாங்காமலே இருப்பது நல்லது.

இன்னொரு தொல்லை ஆணிகளும் நட்டுகளும். பிரித்தானிய வண்டிகள் விட்வேர்த் முதலான பழைய அங்குல அளவுப் புரிகளைக் கொண்டவை. நம் கராஜ்களில் உள்ள பத்து, பன்னிரண்டு, பதினான்கு மில்லிமீற்றர் சாவிகள் அவற்றில் சரியாகப் பொருந்துவதில்லை. பொருந்தாத சாவியை அழுத்தித் திருப்பி நட்டின் மூலைகளை உருட்டிவிட்ட வண்டிகளே இன்று விற்பனைக்கு வருபவற்றுள் அதிகம். ஒரு விட்வேர்த் சாவித் தொகுதியை வாங்கி மெக்கானிக்கின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். சிலிண்டரைப் போர் பண்ணுவதும் (உட்புறத்தைக் கடைந்து பெருப்பிப்பது) புஷ் கடைவதும் இங்கேயே முடியும் வேலைகள். கிடைக்காதவை சின்னச் சாமான்கள்: சரியான அமல் காபரேட்டர், பண்டத்தின் வைபாக் மேக்னெற், ஹெட்லைற் வளையம், கருவிப்பெட்டி மூடி. பண்டத்துக்கான பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன என்பது உண்மை; ஆனால் அஞ்சற் செலவும் சுங்கமும் சேரும்போது ஒரு மூடியின் விலை போர் பண்ணும் கூலியைத் தாண்டிவிடும். எஞ்சின் இறுகிப்போன, ஆனால் ஒரு சாமானும் குறையாத பண்டமும், ஸ்டார்ட் ஆகும் ஆனால் பாதி ஜப்பானியச் சாமான் பூட்டிய பண்டமும் ஒரே விலைக்கு வந்தால் முதலாவதையே எடுக்க வேண்டும்.

ஹொண்டாவைப் பற்றிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். அப்பா ஓடிய வண்டி, மீன் வியாபாரி ஓடிய வண்டி, இது எப்படிப் பழம்பொருளாகும் என்பது அவர்களுடைய கேள்வி. 1958இல் 49 சீ.சீ. எஞ்சினோடு வெளிவந்த சுப்பர் கப் வரிசை, 2017இல் பத்துக் கோடியாவது வண்டியைக் கண்டது. மோட்டார் பூட்டிய எந்த வாகனமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. கிளச் லீவரே இல்லாமல் காலால் கியர் மாற்றும் மையவிலக்குக் கிளச், சேலையோ சாரமோ அணிந்தவரும் ஏறக்கூடிய தாழ்ந்த நடுப்பகுதி, சேறு தெறிக்காத பிளாஸ்ரிக் கால்மறைப்பு ஆகிய மூன்றும் ஆசிய நாடுகளின் வீதிகளை மாற்றியமைத்தவை. வரலாற்று முக்கியத்துவம் என்று பார்த்தால் சி.50, சி.70, சி.90 வண்டிகளுக்கு முன்னால் பண்டம் ஒரு சிறிய அத்தியாயம்தான். சி.டி.90 போன்றவையும், ஜப்பானில் தபாற்காரருக்கென்று செய்யப்பட்டு இங்கே பாவித்த வண்டியாக வந்திறங்கிய எம்.டி.90உம் இதே குடும்பத்தின் உறவுகள்.

நம் நிலைமைக்கு இவை ஏன் பொருந்துகின்றன? நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் கிராங்கும் பெயாரிங்கும் எப்போதும் எண்ணெய்த் தொட்டிக்கு மேலே நிற்கின்றன. வண்டி சும்மா நின்றாலும் உள்ளே ஓரளவு பாதுகாப்பு உண்டு. எண்ணெய் ஒரு லீற்றருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், மாற்றுவதில் சோம்பல் காட்டத் தேவையில்லை. ஆணிகள் மில்லிமீற்றர் அளவில். பிஸ்டன், ரிங், கிளச் தட்டு ஆகியவை அசலாகவோ தாய்லாந்து, சீனப் பிரதியாகவோ கிடைக்கும். குறை சட்டத்தில் இருக்கிறது. தகட்டை அழுத்தி ஒட்டிய குழல்போன்ற சட்டம் என்பதால் துரு உள்ளிருந்து வெளியே வரும். கண்ணுக்குத் தெரியும்போது தகடு மெலிந்து முடிந்திருக்கும். பற்றறிப் பெட்டிக்குக் கீழும் பின் மட்கார்ட்டின் உட்புறமும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே விளங்கிவிடும். மலிவாகக் கிடைப்பது இன்னொரு குறை, ஏனெனில் மலிவானதை யாரும் அசலாக வைத்திருப்பதில்லை. இருக்கையை நீட்டி, இன்டிகேற்றரை மாற்றி, பன்னிரண்டு வோல்ற் ஆக்கி, சாயத்துக்கு மேல் சாயம் அடித்த வண்டிகளுக்கு நடுவே, கம்பனிச் சாயமும் ஆறு வோல்ற் வயரிங்கும் முதற் சொந்தக்காரரின் பதிவுப் புத்தகமும் ஒருங்கே உள்ள ஒன்றைத் தேடுவது பண்டம் தேடுவதிலும் கடினம். தேட வேண்டியது அதைத்தான்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காத பகுதிகளில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவற்றுள் நிறைய. பெற்றோல் சிறிதளவு விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்படி ஓடியதில் எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கும், எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் எண்ணெயைக் கரைத்ததால் ரிங்குகளும் காம் முனையும் தேய்ந்திருக்கும். திருத்தலாம், விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் காபரேட்டரோடு பூட்டிய அந்தச் சின்னப் போத்தலும் ரியூப்பும் அப்படியே இருந்தால் தயவுசெய்து கழற்றி எறிய வேண்டாம். கம்பனி பூட்டாத சாமான் என்றாலும் அந்த வண்டியின் வரலாற்றில் அதுவே மிக அரிய பாகம்.

ஸ்கூட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1946இல் வந்த வெஸ்பாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டம். உப்புக்காற்றில் கால் வைக்கும் தளம் அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போனதாகும். 1947இல் வந்த லம்பிரெட்டா குழாய்ச் சட்டத்தின் மீது தகடுகளை ஆணியால் பூட்டிய வகை என்பதால் போன தகட்டைக் கழற்றி வேறொன்று பூட்டலாம். இத்தாலியில் உற்பத்தி நின்றபின் அதன் அச்சுகளும் இயந்திரங்களும் 1972 அளவில் இந்தியாவுக்கு, லக்னோவில் அமைந்த அரச நிறுவனத்துக்குப் போனதால், பாகங்கள் இந்திய வழியாக இன்னும் கிடைக்கின்றன. கரையோரத்தவர் ஸ்கூட்டர்தான் வேண்டும் என்று நின்றால் லம்பிரெட்டாவை எடுக்கட்டும்.

மொறிஸ் மைனர் எல்லோரும் ஆசைப்படும் கார். அலெக் இசிகோனிஸ் வரைந்து 1948இல் வெளிவந்து, 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் நின்றது. இதன் உடற்பாகங்களை இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் நிலையத்துக்காக இலங்கையிலேயே செய்து அனுப்பிய காலமும் இருந்தது. அந்தளவுக்கு இந்நாட்டுத் தகரவேலைக்காரருக்குப் பழக்கமான வண்டி. ஆனால் இதுவும் தனிச் சட்டம் இல்லாத உடல். கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிப் பகுதியும் பின் வில்தகடு பூட்டும் இடமும் கரையோரத்தில் முதலில் போகும். முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன் புரிக்குக் கிறீஸ் அடிக்கத் தவறினால் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். இது கேள்விப்பட்ட பயமுறுத்தல் அன்று, இந்தக் காரின் அமைப்பிலேயே உள்ள பலவீனம். மேலும் 2002இலிருந்து ஈயம் கலவாத பெற்றோலே நம் நாட்டில் விற்கப்படுவதால், ஈயத்தின் மெத்தையை நம்பிச் செய்யப்பட்ட பழைய வால்வு இருக்கைகள், பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடினால் தேயும். எஞ்சின் தலையைக் கழற்றும்போது கடினமான இருக்கை வளையம் போட்டுவிடுவது புத்தி. நான்கு பக்கமும் சுவர் வைத்த கராஜ் இல்லாதவர் எழுவான்கரையில் மைனரை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதே 1948இல் வந்த லாண்ட் றோவர் இவ்விடயத்தில் வேறு. போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டினால் அதன் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டால் செய்தார்கள். தகடு துருப்பிடிப்பதில்லை என்று இதை வாங்கியவர்கள் கீழே குனிந்து பார்ப்பதில்லை. சட்டமும் முன் தடுப்புச் சுவரும் உருக்கு. அலுமினியமும் உருக்கும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். உள்நிலத்தில் நல்ல தெரிவு. விலையோ மோட்டார் சைக்கிள் வாங்க வந்தவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இனி உழவு இயந்திரம். இங்கேதான் கொழும்புப் பட்டியலிலிருந்து நான் முழுவதுமாக விலகுகிறேன். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்காக மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டியபோது பெரிய மண்வேலை இயந்திரங்கள் இப்பகுதிக்கு வந்தன. அந்த நீர் பாய்ந்த வயல்களில் அடுத்த தலைமுறை வேலை செய்தது உழவு இயந்திரத்தோடு. பட்டிப்பளை முதல் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரை போடிமார் (பெருநிலக்காரர்) வீட்டு வளவுகளில் அன்று பெருமையாக நின்ற வாகனம் எது என்று கேட்டால், பண்டம் என்று சொல்பவரிலும் பார்க்க மெசி (மெசி பெர்கசன் உழவு இயந்திரம்) என்று சொல்பவரே அதிகமாக இருப்பர். எருமைக் கடாக்கள் சூடு மிதித்த களத்தில் உழவு இயந்திரத்தைச் சுற்றவிட்டுச் சூடடித்த காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயினும் அந்த வண்டிகள் வாடிக்குப் பின்னால் பழைய இரும்புக்காரரின் நிறுவையை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

தேடத் தகுந்தவை இரண்டு. சாம்பல் நிறப் பெர்கசன் டி.ஈ.20 என்பது 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்றியில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஹரி பெர்கசன் கண்டுபிடித்த மும்முனை இணைப்பும் நீரியல் உயர்த்தியும் இதில்தான் உலகப் புகழ் பெற்றன. அதற்கு முன் கலப்பை என்பது வண்டிக்குப் பின்னால் இழுபடும் ஒரு தனிப்பொருள். பெர்கசன் அதை வண்டியின் உறுப்பாக்கியதால், மண்ணின் எதிர்ப்பே பின் சில்லுகளைக் கீழே அழுத்தி, பாரம் குறைந்த வண்டிக்கும் பிடிமானம் கொடுத்தது. இன்று நம் வட்டைகளில் ஓடும் எந்த உழவு இயந்திரத்தின் பின்னால் பார்த்தாலும் அதே மூன்று முனைகள் இருக்கும். இந்த வரிசையில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடவென்றே ஆலையில் செய்யப்பட்ட ஒரு மாதிரியும் உண்டு என்பதை, மண்ணெண்ணெய் ஓட்டத்தை நம் போர்க்காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோருக்குச் சொல்லிவைக்கலாம்.

அடுத்தது மெசி பெர்கசன் 35. 1950களின் இறுதியில் சிவப்புத் தகடும் சாம்பல் உடலுமாக வந்தது. ஆரம்பத்தில் இருந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் ஸ்டார்ட் ஆக மறுப்பதாகப் பிரித்தானியாவில் கெட்ட பெயர் வாங்கியது. நம் வெயிலில் அந்தக் குறை பெரிதாகத் தெரிய வாய்ப்பில்லை. 1959 அளவிலிருந்து பூட்டிய மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின்தான் இந்த வண்டியை அழியாததாக்கியது. ஏறத்தாழ இரண்டரை லீற்றர் கொள்ளளவுள்ள அதே எஞ்சின் குடும்பம் 1964இல் வந்த 135இலும் தொடர்ந்தது. சேகரிப்பாளருக்கு இதில் பெரிய நன்மை, 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மெசியின் உரிமத்தோடு இதே வழிவந்த வண்டிகளைச் செய்ததும், சென்னையின் சிம்சன் நிறுவனம் பேர்கின்ஸ் எஞ்சினை அங்கேயே செய்ததும். ஆகவே லைனர், பிஸ்டன், கிளச் முதல் பின் டயர் வரை கல்முனையிலோ செங்கலடியிலோ கேட்டால் கிடைக்கும், அல்லது ஓரிரு நாளில் வரும். டீசல் பம்பைப் பிரிக்கத் தெரிந்த கைகளும் இங்கே உண்டு. உடலோ தடித்த வார்ப்பிரும்பு. துரு மேற்பரப்பைத் தடவிவிட்டு நின்றுவிடும். மோட்டார் சைக்கிளின் தகட்டை ஐந்து மாரியில் ஓட்டையாக்கும் காற்று, மெசியின் கியர்ப்பெட்டியை ஐம்பது மாரியிலும் ஒன்றும் செய்யாது. மெலிந்த தகடு மட்கார்ட்டிலும் முன் மூடியிலும் மட்டுமே. அவையும் பிரதியாக விற்பனைக்குண்டு. இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் உழுததால் பின் மட்கார்ட்டின் கீழ்விளிம்பு உக்கியிருப்பது சாதாரணம், அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். ஸ்டியரிங் பெட்டியின் தளர்வையும், நீரியல் கைகளில் பாரம் ஏற்றி உயர்த்தி எஞ்சினை நிறுத்தியதும் அவை எவ்வளவு விரைவாகத் தாழ்கின்றன என்பதையும் பார்த்தால் போதும்.

இடம்தான் இதன் குறை. ஒன்றரைத் தொன்னுக்கு அண்மித்த வண்டியை வரவேற்பறையில் நிறுத்த முடியாது. இடமில்லாதவர் அறுபதுகளிலிருந்து நம் வயல்களுக்குப் பழகிய இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரை நினைத்துப் பார்க்கலாம். ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம் போதும்; பழைய ஆங்கில வண்டி அசல் எஞ்சினோடு கிடைத்தால் விடக்கூடாது, ஏனெனில் எஞ்சினைக் கழற்றி நீர் இறைக்கப் பூட்டிவிட்டுச் சட்டத்தை எறிவதே பெருவழக்கமாக இருந்தது.

எந்த வண்டியானாலும் புத்தகம் இல்லாமல் கைவைக்க வேண்டாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ்ப் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் அடித்திருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். நம் பகுதியில் இடப்பெயர்விலும் 2004 டிசெம்பர் 26இலும் போன பத்திரங்கள் ஏராளம். வாங்குபவரின் பெயர் எழுதாமல் கையொப்பமிட்ட ஓப்பன் பேப்பர் கைமாறிக் கைமாறி, பதிவுபெற்ற சொந்தக்காரர் இறந்து பத்தாண்டு கழிந்தபின் விற்பனைக்கு வரும் வண்டிகளும் உண்டு. அத்தகைய வண்டிக்கு வாரிசுகளின் சம்மதத்தைப் பெற்றுத் தருவது விற்பவரின் பொறுப்பு என்று பேசிக்கொண்டுதான் முற்பணம் கொடுக்க வேண்டும். வீதியில் ஓட்டுவதாயின் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் எடுத்துப் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். ஆழிப்பேரலையில் மூழ்கிய வண்டியா என்பதையும் கேட்டறிய வேண்டும். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, கல்லடி எங்கும் கழுவித் துடைத்து மீண்டும் ஓடவிட்ட வண்டிகள் உள்ளன. ஹெட்லைற் கிண்ணத்தைக் கழற்றினால் மடிப்புக்குள் நைஸ் மணல், அலுமினிய உறைகளின் பொருத்துகளில் வெள்ளைத் தூள், கேபிளின் உள்ளே இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை.

இலக்கத் தகட்டை மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டு ஆங்கில எழுத்துகளோடு வந்த வண்டி ஐம்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தியது. 1957இன் தொடக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தில் தமிழ் ஸ்ரீ பொறித்துக்கொண்டு வாகனங்கள் ஓடின, மறுவருடம் சிங்கள ஸ்ரீ மீது தார் பூசப்பட்டது. அக்காலத்து வண்டியொன்றின் தகட்டில் அழித்தெழுதிய அடையாளம் தெரிந்தால், சேகரிப்பாளர் அதைச் சாயத்தால் மூடுவது பெரும் பிழை.

இதே காரணத்தால், வாங்கிய வண்டியை முழுவதும் உரித்துப் புதுச் சாயம் அடித்துக் குரோம் பூசுவதை நான் இறுதித் தெரிவாகவே வைப்பேன். அசல் சாயம் பாதியேனும் நின்றால் நன்னீரால் உப்பைக் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசி, பொலித்தீனால் அன்றிப் பருத்தித் துணியால் மூடி, பலகைக் கட்டையில் ஏற்றி நிறுத்துவதே போதும். பொலித்தீன் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

எழுவான்கரையில் வசித்து, வாரம் ஒருமுறையாவது ஏறி ஓட விரும்புபவருக்கு, மாற்றம் செய்யப்படாத ஹொண்டா சி.50 அல்லது சி.டி.90. படுவான்கரையிலோ அம்பாறை உள்நிலத்திலோ வளவும் கொட்டிலும் உள்ளவருக்கு, தயக்கமின்றி மெசி 35. பேர்கின்ஸ் எஞ்சின் உள்ளதாகப் பார்த்து. பி.எஸ்.ஏ.யை இரண்டாவது வண்டியாக, முதலாவதில் கை பழகியபின், சாமான் குறையாததாகக் கிடைத்தால் மட்டும். கார் வாங்குபவர் காருக்கு முன் கராஜைக் கட்டட்டும்.

வாங்கப் போவதாயின் மாசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ போங்கள். மாரி கழிந்த கையோடு கொட்டிலில் நிற்கும் வண்டியில் அந்த ஆண்டின் துரு எங்கே பூத்திருக்கிறது என்பது மறைப்பின்றித் தெரியும். சித்திரை வருடத்துக்கு முன்னால் விற்பவர்கள் வழமையாக ஒரு கோட் சாயம் அடித்துவிடுவார்கள்.